பழைய இரும்பு, புதிய பித்தளை

மும்பை சயானில் அம்பர்நாத் லோக்கல் பிடித்து வேலைக்குப் போகிற தாராவிக்காரர்கள் உண்டு. அந்த ரயில் போய் நிற்கிற ஊரில் 1953 முதல் ஒரு ராணுவத் தொழிற்சாலை இயங்குகிறது. தோட்டாக்களுக்கான பித்தளை வேலை அதன் தொழில்களில் ஒன்று. அதே திசையில் இன்னும் சில மணி நேரம் போனால் புனேக்குப் பக்கத்தில் கட்கி வரும். அங்கே 1869 முதல் தோட்டாத் தொழிற்சாலை இருக்கிறது. துப்பாக்கி என்றதும் நம் கண்ணுக்கு முன்னால் வருவது நீண்ட குழலும் மரக்கட்டையும்தான். ஆனால் துப்பாக்கி ஒரு முறை செய்தால் அறுபது, எழுபது வருஷம் இருக்கும். தோட்டா ஒவ்வொரு முறையும் புதிதாக வேண்டும். ஆகவே ஒரு பழைய துப்பாக்கி உயிரோடு இருப்பதா, அருங்காட்சியகத்துக்குப் போவதா என்பதை அம்பர்நாத்தும் கட்கியும் போன்ற இடங்களின் பித்தளைதான் முடிவு செய்கிறது. இந்த அத்தியாயம் அந்த முடிவைப் பற்றியது. ஒரு பழைய ராணுவத் துப்பாக்கிக்கு அதற்கென்று பிறக்காத ஒரு தோட்டாவைத் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தால் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது? இந்தியாவில் ஒரே வகைத் துப்பாக்கிக்கு இந்தக் கேள்வி மூன்று முறை எழுந்து, மூன்று வேறு விடைகள் கிடைத்திருக்கின்றன.

அந்தத் துப்பாக்கி லீ-என்ஃபீல்ட். போலீஸ்காரர் பேச்சில் ‘திரீ நாட் திரீ’. குழலின் உள்விட்டம் 0.303 அங்குலம் என்பதால் வந்த பெயர் அது. கையால் போல்ட்டைத் தூக்கிப் பின்னால் இழுத்து, முன்னே தள்ளி, மடக்கி, ஒவ்வொரு சுடுதலுக்கும் ஒரு தோட்டாவை உள்ளே அனுப்பும் வகை. பிரிட்டிஷ் ராணுவத்தில் 1895இல் நுழைந்தது. கொல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளிக் கரையில் உள்ள இச்சாப்பூர் தொழிற்சாலை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அதன் குட்டை வடிவத்தைச் செய்தது. அதன் தோட்டா நாலு பொருள் சேர்ந்தது: பித்தளைக் கூடு, அதன் அடியில் தட்டினால் பற்றும் கேப்பு, உள்ளே மருந்து, வாயில் செருகிய குண்டு. பேச்சுவழக்கில் தோட்டாவையும் குண்டையும் ஒன்றாக்கிவிடுகிறோம். பறந்துபோவது குண்டு மட்டுமே. கூடு துப்பாக்கிக்குள்ளேயே நின்று, சுட்டபின் வெளியே விழுகிறது. நம் கதையில் பறந்துபோவதைவிட நின்றுவிடுவதற்குத்தான் வேலை அதிகம்.

துப்பாக்கிப் பிரியர்கள் தோட்டா என்றால் முதலில் வேகத்தைக் கேட்பார்கள். அந்தக் கணக்கையே முதலில் போட்டுப் பார்த்துவிடலாம். 1910இல் வந்த .303 தோட்டாவின் குண்டு 11.3 கிராம், குழலைவிட்டு வெளிவரும் வேகம் வினாடிக்கு சுமார் 744 மீட்டர். நிறையில் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்கினால் 3,100 ஜூல் சொச்சம். இந்தியா 1960களில் இதே துப்பாக்கிக்குப் பொருத்திய 7.62 மில்லிமீட்டர் தோட்டாவின் குண்டு 9.3 கிராம், வேகம் சுமார் 838 மீட்டர்: ஏறத்தாழ 3,270 ஜூல். 7.62க்கு முன்பே, காலனி ஆட்சிக் காலத்தில், இதே அமைப்புக்குள் வைக்கப்பட்டது .315. அது ஆஸ்திரிய ராணுவத்தின் 8 மில்லிமீட்டர் தோட்டா, 15.8 கிராம் குண்டு, 620 மீட்டர் வேகம், 3,040 ஜூல் அளவு. கனமும் வேகமும் எப்படி எப்படியோ மாறியும் மூன்று தோட்டாவும் ஒரே வீட்டு வாசலில் வந்து நிற்கின்றன. அதிகபட்ச வித்தியாசம் நூற்றுக்கு ஏழெட்டு. இவ்வளவு அற்ப லாபத்துக்காக எந்த அரசும் தொழிற்சாலையின் அச்சுகளை மாற்றாது. ஆகவே தேர்வு சக்தியைப் பார்த்து நடக்கவில்லை. இரும்பு எதைத் தாங்கும், பித்தளை எங்கே கிடைக்கும், அது யார் கைக்குப் போகக் கூடாது என்ற மூன்று கேள்விகளைப் பார்த்து நடந்தது. பழைய துப்பாக்கிக்குத் தோட்டா தேடுவது அதன் திறமையைக் கூட்டும் வேலை என்று நினைத்துத் தொடங்குகிறவர்கள் தவறான முனையில் தொடங்குகிறார்கள் என்பது என் வாதம். அது எல்லைகளை எண்ணுகிற வேலை.

முதல் எல்லை இரும்பு. மருந்து எரிந்து வாயுவாகும்போது அது குண்டை முன்னே தள்ளுகிற அதே அழுத்தத்தில் கூட்டின் அடியைப் பின்னே தள்ளுகிறது. அந்த அடிக்குப் பின்னால் இருப்பது போல்ட். போல்ட்டுக்குப் பின்னால் சுடுகிறவரின் கண். ஐரோப்பியச் சோதனை ஆணையத்தின் அளவுகோலில் .303க்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் 365 மெகாபாஸ்கல், 7.62 ராணுவத் தோட்டாவின் வேட்டைச் சகோதரனான .308க்கு 415. கூட்டின் அடிவட்டம் முன்னதில் 11.7 மில்லிமீட்டர் அளவு, பின்னதில் 11.95 அளவு. வெளிவட்டத்தையே வைத்துக் கொஞ்சம் தாராளமாகக் கணக்கிட்டால், .303 போல்ட்டைப் பின்னே தள்ளும் விசை சுமார் 4 டன் எடை, 7.62 தள்ளுவது ஏறத்தாழ 4¾ டன். அழுத்தத்தில் ஏழில் ஒரு பங்கு கூடியது, விசையில் ஐந்தில் ஒரு பங்காகிவிட்டது. குண்டுக்குக் கிடைத்த கூடுதல் சக்தியோ இருபதில் ஒரு பங்கு. போல்ட் செலுத்தும் வரி அத்தனை அதிகம், குழல் வாயில் கிடைக்கும் வருமானம் இத்தனை குறைவு. இந்தக் கணக்கு 7.62இன் குற்றமில்லை. கூடு 56 மில்லிமீட்டரிலிருந்து 51ஆகக் குறுகியது. குறுகிய கூட்டிலிருந்து அதே வேலையை வாங்க அழுத்தத்தைக் கூட்டித்தான் ஆகவேண்டும்.

கூடு இந்த விசையில் ஒரு பங்கைத் தானே ஏற்றுக்கொள்கிறது என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். அழுத்தம் ஏறும்போது மெல்லிய பித்தளைச் சுவர் உப்பி அறையின் இரும்புச் சுவரைக் கவ்விப் பிடிக்கிறது. அதனால் போல்ட்டுக்கு முழுச் சுமையும் போய்ச் சேருவதில்லை. ஆனால் அந்தப் பிடி உலர்ந்த, சுத்தமான அறையில்தான் கிடைக்கும். எண்ணெய்ப் பிசுக்கோ, மழையில் நனைந்த தோட்டாவோ இருந்தால் பித்தளை வழுக்கும், சுமை பின்னால் போகும். ஜூன் முதல் செப்டம்பர் வரை எதுவும் காயாத கடற்கரை நகரத்தில் அந்தக் கவ்வலை நம்பிக் கணக்குப் போடுவது ஆபத்து. போதாததற்கு, லீ அமைப்பில் போல்ட்டைப் பூட்டும் காதுகள் போல்ட்டின் பின்பக்கத்தில் இருக்கின்றன. ஜெர்மானிய மவுசரில் அவை முன்னால், தோட்டாவின் தலையை ஒட்டியே இருக்கும். பின்பூட்டுக்கு ஒரு லாபம் உண்டு: போல்ட் கொஞ்ச தூரம் நகர்ந்தாலே போதும், அதனால் கை வேகமாக வேலை செய்யும். நஷ்டமும் உண்டு. தோட்டாவுக்கும் பூட்டுக்கும் நடுவே உள்ள நீளம் முழுவதும் ஒவ்வொரு சுடுதலிலும் அமுங்கி நிமிர்கிறது, பிடித்திருக்கும் சட்டமும் சேர்ந்து நீள்கிறது. கண்ணுக்குத் தெரியாத நெளிவுதான். ஆனால் கூட்டின் பித்தளை அதற்கேற்ப இழுபடுகிறது. அழுத்தம் கூடினால் இழுப்பும் கூடும்.

இரண்டாம் எல்லை பித்தளைக் கூட்டின் வடிவம். .303 கூட்டின் அடியில் வெளியே நீட்டிய விளிம்பு உண்டு, தம்ளரைக் கவிழ்த்துப் பார்த்தால் வாய் விளிம்பு தெரிவது போல. அந்த விளிம்பு அறையின் வாயில் இடித்து நிற்பதால்தான் தோட்டா சரியான ஆழத்தில் நிற்கிறது. சுட்டபின் கொக்கி பிடித்து இழுப்பதும் அதே விளிம்பை. 7.62இல் விளிம்பு வெளியே நீட்டாது. அது நிற்பது கூட்டின் தோள்பட்டையால், அதாவது உடல் ஒடுங்கிக் கழுத்தாகும் சரிவால். கொக்கிக்கு அடியில் ஒரு பள்ளம் வெட்டியிருக்கும். கேட்க ஒரு சிறு மாற்றம். நடைமுறையில் இது அறையின் அளவு, கொக்கியின் மூக்கு, மேகசினின் சரிவு எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறது. விளிம்பு வைத்த தோட்டாக்களை மேகசினில் அடுக்கும்போது மேலுள்ளதன் விளிம்பு கீழுள்ளதற்கு முன்னால் இருந்தாகவேண்டும். மாறி அடுக்கினால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு மேலே வராது. அதற்காகவே பழைய மேகசின் வளைந்திருந்தது. .315க்கு இந்தத் தொல்லை அதிகம் இல்லை. அதுவும் விளிம்பு வைத்தது, விளிம்பின் அகலம் .303ஐவிட அரை மில்லிமீட்டர்கூடக் கூடுதல் இல்லை. ஆஸ்திரியர் 1890இல் தங்கள் தேவைக்குச் செய்த கூடு, பிரிட்டிஷ் போல்ட்டுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது தற்செயல்தான்.

அந்தத் தற்செயலைப் பயன்படுத்திக்கொள்ள வைத்தது சட்டம். இங்கே மூன்றாம் எல்லைக்கு வருகிறோம். மூன்றிலும் இதுதான் இந்திய மண்ணுக்கே உரியது. தோட்டா அரசியலாக முடியும் என்பதை பிரிட்டிஷ் ஆட்சி 1857இல் கற்றுக்கொண்டது. அந்த ஆண்டு ஜனவரியில் டம்டம்மில் புதிய என்ஃபீல்ட் தோட்டாவின் காகித உறையில் தடவியிருப்பது பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் என்ற பேச்சு பரவியது. மார்ச் 29 அன்று பாரக்பூரில் மங்கள் பாண்டே துப்பாக்கியைத் தூக்கினார். இச்சாப்பூர் அந்த பாரக்பூருக்குப் பக்கத்து ஊர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் நடந்தவை இன்னும் துலங்கும். கலகம் அடங்கியபின் இந்தியச் சிப்பாய்களுக்குப் பிரிட்டிஷ் சிப்பாய்களைவிட ஒரு தலைமுறை பழைய ஆயுதம் என்பது கொள்கையானது. 1878இன் ஆயுதச் சட்டம் பொதுமக்கள் கையை இறுக்கியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராணுவ விட்டங்களான .303உம் .450உம் தனியார் துப்பாக்கிகளுக்குத் தடையாயின. ராணுவக் கிடங்கிலிருந்து திருடிய தோட்டா வீட்டுத் துப்பாக்கியில் நுழையக் கூடாது என்பதே தர்க்கம். வேட்டைக்குப் போகும் ஜமீன்தாரும் தோட்ட மானேஜரும் என்ன செய்வார்கள்? பர்மிங்காம் துப்பாக்கிக் கம்பெனிகள் அதே லீ அமைப்பில் .315 குழலைப் பொருத்தி விற்றன. சுதந்திரத்துக்குப் பிறகு இச்சாப்பூரே அதைச் செய்தது. 1959இன் புதிய ஆயுதச் சட்டத்தின் கீழும் .303 தடைசெய்யப்பட்ட விட்டம், .315 உரிமம் பெற்றவர் வைத்துக்கொள்ளலாம். ஹாப்ஸ்பர்க் பேரரசு 1918இல் போய்விட்டது, ஆஸ்திரிய ராணுவமே 1930வாக்கில் நீளமான கூட்டுக்கு மாறிவிட்டது. அவர்கள் கைவிட்ட தோட்டா உத்தரப்பிரதேசக் கரும்புக் காட்டில் நீல்காயைத் துரத்திக்கொண்டிருந்தது.

இதே பயத்தின் இன்னொரு பிள்ளை .410 மஸ்கட். உலகப் போர்களுக்கு நடுவே, போலீசுக்கும் சிறைக் காவலுக்கும் என்று இச்சாப்பூர் திரீ நாட் திரீக்களை மாற்றியமைத்தது. குழலைச் சுமார் 10.4 மில்லிமீட்டருக்கு, உள்ளே மரை இல்லாமல் வழவழப்பாக விரித்தார்கள். மேகசினுக்குள் ஒரு மரக்கட்டையை வைத்து அடைத்தார்கள். ஒவ்வொரு தோட்டாவையும் கையால் போட வேண்டும். தோட்டாவின் தேர்வில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. .303 கூடு செய்யும்போது வட்டத் தகட்டைக் கிண்ணமாக்கி, கிண்ணத்தை இழுத்து இழுத்துக் குழாயாக்கி, கடைசியில் வாயை நெருக்கிக் கழுத்து உண்டாக்குவார்கள். கார்டைட் மருந்து இடியாப்பச் சிம்புபோல நீளக் கம்பிகளாக இருந்ததால், கழுத்தை நெருக்குவதற்கு முன்பே அதை உள்ளே செருகிவிடுவது வழக்கம். அந்தக் கார்டைட் நம் நீலகிரியில் அரவங்காட்டிலும் தயாரானது. கழுத்து நெருக்கும் அந்தக் கடைசிக் கட்டத்தை விட்டுவிட்டால் நேரான கூடு மிஞ்சும்: அதுதான் .410. புதுப் பித்தளை, புது அடி, புதுக் கொக்கி எதுவும் தேவையில்லை. ஆனால் பறிகொடுத்த துப்பாக்கி பறித்தவனுக்குப் பயன்படாது. கடையில் விற்கும் .410 வேட்டைத் தோட்டாவின் உடல் சற்றுப் பருமன் என்பதால் நுழையாது; ராணுவத் தோட்டாவின் 7.9 மில்லிமீட்டர் குண்டுக்கு அந்த அகலக் குழலில் பிடிப்பே கிடைக்காது. இரும்பு, பித்தளை, அரசியல் மூன்றையும் ஒரே வரைபடத்தில் தீர்த்த வேலை இது. நோக்கத்தை வெறுக்கலாம், வேலையை மட்டமென்று சொல்ல முடியாது.

மூன்றாம் விடை 1962இன் தோல்வியிலிருந்து பிறந்தது. சீனத்துடனான மலைப்போரில் இந்திய வீரர்கள் கையில் இருந்தது பெரும்பாலும் இந்த .303தான். ராணுவம் தானாக அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் 7.62 துப்பாக்கிக்கு மாறத் தொடங்கியது. அதையும் இச்சாப்பூர்தான் செய்தது. நேட்டோ 1954இல் ஏற்ற தோட்டாவை அணிசேரா நாடு ஏற்றுக்கொண்டதில் யாருக்கும் சங்கடம் இருந்ததாகத் தெரியவில்லை. பித்தளைக்குக் கொள்கை கிடையாது. புதுத் துப்பாக்கி போதுமான எண்ணிக்கையில் வரும்வரை இடைவெளியை நிரப்ப, பழைய லீ வடிவத்தையே 7.62க்குச் செய்தார்கள். முதலில் 2ஏ, பிறகு 2ஏ1. சட்டத்துக்கும் போல்ட்டுக்கும் வலுவான எஃகு, புதிய கொக்கி, வளைவில்லாத பெட்டிபோன்ற 12 தோட்டா மேகசின். 2ஏ1இல் குறிபார்க்கும் தகட்டின் உச்ச அளவை 2,000 மீட்டரிலிருந்து 800க்குக் குறைத்தார்கள். எனக்கு இந்த மாற்றத்தில் பிடித்த இடம் அந்தத் தகடுதான். முந்தைய தலைமுறை அதிகாரிகள் கூட்டமாகச் சுட்டு இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் குண்டுமழை பெய்யலாம் என்று கனவு கண்டார்கள். 2ஏ1 அந்தக் கனவைப் பொறித்த இரும்பைக் கொஞ்சம் நறுக்கியது.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் வரும். தானியங்கித் துப்பாக்கி கையில் இருக்கும்போது, எழுபது வயது வடிவத்துக்குப் புதுத் தோட்டா பொருத்தியது வீண்வேலை, அந்தப் பணத்தையும் எஃகையும் புதியதிலேயே போட்டிருக்கலாமே? துப்பாக்கியைத் தனியாக நிறுத்திப் பார்த்தால் இந்த வாதம் வலுவானது. தோட்டாக் கிடங்கைச் சேர்த்துப் பார்த்தால் வலு குறையும். முன்வரிசைக்கு 7.62, பின்வரிசைக்கு .303 என்றால் இரண்டு வகை அச்சு, இரண்டு வகைப் பெட்டி, லாரியில் மாறி ஏற்றினால் இரண்டு பக்கமும் பட்டினி. பின்வரிசையின் துப்பாக்கி மெதுவாகச் சுட்டாலும் முன்வரிசையின் தோட்டாவைத் தின்னும் என்றால் அந்தக் குழப்பம் ஒழிந்தது. நூற்றுக்கு ஐந்து சக்திக்காக யாரும் இதைச் செய்யவில்லை என்று முன்பே கணக்கில் பார்த்தோம். ஒரே பித்தளைக்காகச் செய்தார்கள் என்றால் கணக்கு இடிக்காமல் நிற்கிறது.

இன்னொரு ஆட்சேபம் பொறியியல் பக்கத்திலிருந்து. பிரிட்டனே 1960களின் தொடக்கத்தில் தன் பிந்தைய, இன்னும் தடித்த லீ-என்ஃபீல்டை 7.62க்கு மாற்றிப் பார்த்தது. துல்லியம் ஒரே சீராக வராததால் கைவிட்டது. தடித்த உடம்பே ஒத்துவராதபோது மெலிந்த உடம்பு எப்படி? விடை இரண்டு பகுதி. பிரிட்டிஷ் முயற்சியில் உடைந்தது துல்லியமே ஒழிய பூட்டு அல்ல. பிறகு 1970வாக்கில் அவர்களே கனமான குழலைப் பொருத்தி, அதே அமைப்பிலிருந்து எல்42ஏ1 என்ற குறிசுடும் துப்பாக்கியை எடுத்துப் பல வருஷம் பயன்படுத்தினார்கள். அடுத்து, இச்சாப்பூர் பழைய .303 துப்பாக்கிகளின் குழலைக் கழற்றிவிட்டு 7.62 குழலைத் திருகவில்லை. புதிய எஃகில் புதிதாகச் செய்தது. வடிவம்தான் பழையது, உடம்பு புதியது. பட்டறைகளில் ‘ரீபேரல் பண்ணினால் போதும்’ என்று சுலபமாகப் பேசுகிறவர்கள் இந்த வேறுபாட்டைத்தான் விழுங்கிவிடுகிறார்கள். இரண்டு போர் பார்த்த சட்டத்தில் போல்ட்டின் காதுகள் தேய்ந்திருக்கும், தோட்டா நிற்கும் ஆழம் நகர்ந்திருக்கும், எஃகு எந்த ஆண்டு எப்படிச் சூடேற்றிக் குளிர்விக்கப்பட்டது என்பதற்கு ஏடு இருக்காது. அந்த உடம்புக்கு அழுத்தம் கூடிய தோட்டாவைவிடக் குறைந்த தோட்டாதான் பத்தியம். அந்தக் கோணத்தில் பார்த்தால் 1890இன் கனத்த, மந்தமான .315 முட்டாள்தனமாகத் தெரியவில்லை.

பித்தளையைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லவேண்டும், ஏனென்றால் இந்திய வானிலை அதற்கு உலகப் பாடம் ஒன்றைக் கற்பித்திருக்கிறது. தாராவி 13ஆவது கம்பவுண்டில் பழைய உலோகம் பிரிக்கிறவர்களுக்குப் பித்தளையில் பல தரம் உண்டென்று தெரியும். தோட்டாப் பித்தளையில் செம்பு 70 பங்கு, துத்தநாகம் 30 பங்கு. இழுத்தால் கிழியாமல் நீளும் குணத்துக்காக வந்த விகிதம். ஆனால் இழுத்த பித்தளை தனக்குள் ஒரு இறுக்கத்தை வைத்துக்கொள்கிறது. காலனி ராணுவத்தில் மழைக்காலம் முழுக்கக் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்கள், யாரும் சுடாமலேயே, மேலே எந்தச் சுமையும் இல்லாமலேயே, வெடிப்பு விட்டன. மழைப் பருவத்தில் வருவதால் ‘பருவ வெடிப்பு’ என்றே ஆங்கிலத்தில் பெயர் வைத்தார்கள். 1921இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் காரணத்தை விளக்கினார்கள்: குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அமோனியா, ஈரத்தோடு சேர்ந்து, உள்ளிறுக்கம் உள்ள பித்தளையின் மணிகளுக்கு நடுவே புகுந்து பிளக்கிறது. கூட்டை இதமாகச் சூடேற்றி இறுக்கத்தைத் தளர்த்தினால் வெடிப்பு நின்றது. மருந்துக்கும் வானிலை உண்டு. மே மாத வெயிலில் கிடந்த கார்டைட் குளிரில் இருந்ததைவிட வேகமாக எரியும், அழுத்தம் ஏறும். ஆகவே ஐரோப்பாவில் ‘தாங்கும்’ என்று முத்திரை குத்திய அளவுக்கும் இங்கே தாங்குவதற்கும் நடுவே ஒரு இடைவெளி விட்டே ஆகவேண்டும். எல்லையின் விளிம்புவரை போகும் தோட்டாவைப் பழைய இரும்புக்குத் தேர்ந்தெடுக்கிறவர் அந்த இடைவெளியை முதல் கோடையிலேயே செலவழித்துவிடுவார்.

சட்டத்தின் தர்க்கத்துக்கு எதிராகவும் கணக்குத் தீர்க்கவேண்டும். தடை விட்டம், தடையில்லா விட்டம் என்று பிரித்து என்ன லாபம்? வட இந்தியச் செய்திகளில் பிடிபடும் நாட்டுக் கைத்துப்பாக்கியான ‘கட்டா’ அடிக்கடி .315ஆக இருக்கிறது. ராணுவத் தோட்டாவைப் பூட்டிவைத்தார்கள், கடைத் தோட்டா குற்றவாளியின் தோட்டாவானது. இந்த ஆட்சேபத்தை முழுதாக மறுக்க நான் முயலமாட்டேன். எந்தத் தோட்டா உரிமத்தோடு கடையில் கிடைக்கிறதோ, அதற்கேற்ற இரும்புக் குழாயை யாராவது செய்வார்கள். தோட்டா செய்வது கடினம், அதைச் சுடும் குழாய் செய்வது அவ்வளவு கடினமில்லை. ஆனால் இது என் வாதத்துக்குச் சாட்சியாகவும் நிற்கிறது. கள்ளச்சந்தைகூட வேகத்தையும் சக்தியையும் பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை, எந்தப் பித்தளை கிடைக்கிறது என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தது.

மும்பைக்குத் திரும்புவோம். 2008 நவம்பர் 26 இரவு சிஎஸ்டி ரயில் நிலையத்தில் பயங்கரவாதத் தாக்குதலில் 58 பேர் கொல்லப்பட்டபோது அங்கிருந்த காவலர் சிலரிடம் திரீ நாட் திரீ இருந்தது. அதன்பின் நாடு முழுவதும் அந்தத் துப்பாக்கி கேலிப்பொருளானது. தாக்கியவர்களின் ஏகே துப்பாக்கி சுடும் 7.62×39 தோட்டாவின் சக்தி சுமார் 2,000 ஜூல்; காவலர் கையிலிருந்ததோ 3,100. தோட்டாவை மட்டும் எடைபோட்டால் நம் பக்கம் ஒன்றரை மடங்கு கனம். அந்த இரவில் குறைவாக இருந்தது ஒரு நிமிஷத்தில் எத்தனை முறை சுடமுடியும் என்பதும், எத்தனை தோட்டா கையில் இருந்தது, எத்தனை முறை சுட்டுப் பழகியிருந்தார்கள் என்பதும். பழைய போல்ட்டுக்கு எந்தப் புதுத் தோட்டாவைப் பொருத்தியிருந்தாலும் இவற்றில் ஒன்றும் மாறியிருக்காது. உத்தரப்பிரதேசப் போலீஸ் 2020 குடியரசு தின அணிவகுப்பில் திரீ நாட் திரீக்கு விடைகொடுத்தது; அங்கே ஓய்வு பெற்றது ஒரு போல்ட்டின் தாளகதிதான், சக்தி அல்ல.

அந்தச் சக்தியே நகரத்தில் மிகை என்பது இன்னும் சங்கடமான பக்கம். .303 குண்டு தடையில்லாமல் பறந்தால் மூன்று கிலோமீட்டருக்கு அப்பாலும் போய் விழும். தாராவியின் பரப்பே இரண்டு, இரண்டரை சதுர கிலோமீட்டர். ஒரு ஓரத்தில் சுட்டால் மறு ஓரத்தையும் தாண்டும். அங்கே வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே பல இடங்களில் இருப்பது தகரமும் பலகையும். அவை ராணுவக் குண்டைத் தடுக்கும் பொருள்கள் அல்ல. 1992-93 மும்பைக் கலவரத்தை விசாரித்த ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் இறந்தவர்கள் 900 என்று எண்ணியது. அதில் 356 பேர் போலீஸ் சுட்டதில் இறந்தார்கள். கலவரம் தொட்ட பகுதிகளில் தாராவியும் ஒன்று. நெருங்கிய சந்துகளில் காவலுக்கு நிற்கிறவர் கையில் இருக்கவேண்டிய தோட்டா எது என்று இன்று யாராவது வெறும் இயற்பியலைக் கேட்டால், அது சீக்கிரம் வேகமிழந்து, அடுத்த சுவருக்கு முன்பே நின்றுவிடுகிற ஒன்றைக் காட்டும். கழுத்து நெருக்காத நேரான கூடு, வழவழப்பான குழல், ஒரு தடவைக்கு ஒரே தோட்டா: மக்களை நம்பாத ஒரு ஆட்சி இச்சாப்பூரில் வரைந்த .410 அந்த விடைக்கு மிகப் பக்கத்தில் நிற்கிறது.